பதினைந்தடி தள்ளி நின்றவன்

ஜாஸ் வளர்ந்த கதை – 9

1923 ஏப்ரல் 5. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்றொரு சிறு நகரம். ஊரை ஒட்டிய பள்ளத்தில் ஒயிட்வாட்டர் ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் ஸ்டார் பியானோ கம்பெனியின் தொழிற்சாலைக் கட்டடங்கள். பியானோ செய்து விற்ற அந்தக் கம்பெனி, ஜென்னெட் என்ற பெயரில் இசைத்தட்டும் போட்டு வந்தது. வளாகத்தின் ஒரு ஓரத்தில் இருந்த எளிய கட்டடம்தான் ஒலிப்பதிவுக் கூடம். பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். ரயில் வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு அது கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்று சிகாகோவிலிருந்து வந்திறங்கியவர்கள் ஏழு கறுப்பினக் கலைஞர்கள். தலைவர் ஜோ ஆலிவர். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் 'கிங்'. அவருக்கு இரண்டாவது கார்னெட் வாசிக்க ஓர் இளைஞன், லூயி ஆம்ஸ்ட்ராங். வயது இருபத்தொன்று. கிளாரினெட்டுக்கு ஜானி டாட்ஸ், டிரம்ஸுக்கு அவருடைய தம்பி பேபி டாட்ஸ், டிராம்போனுக்கு ஹொனோரே டூட்ரே, பாஞ்சோவுக்கு பில் ஜான்சன், பியானோவுக்கு லில் ஹார்டின். குழுவில் ஒரே பெண் லில்தான்.

கூடத்தில் மைக் கிடையாது. எதிரே பெரிய கூம்புக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருக்கும். எல்லோரும் அதன் வாயைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஓசை குழாய்க்குள் புகுந்து மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிரவைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைக் கீறிக்கொண்டே போகும். மெழுகு இறுகாமல் இருக்க அறையைச் சூடாக வைத்திருப்பார்கள். வியர்வை வழிய வழியத்தான் வாசிப்பு. பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் பேபி டாட்ஸ் தன் டிரம்ஸில் பெரும்பகுதியைத் தொடாமல் மரக்கட்டையைத் தட்டியே தாளம் போட்டார்.

ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கக் கருவி இல்லாததால், சத்தம் அதிகமென்றால் ஆளைப் பின்னுக்கு நகர்த்துவார்கள். குறைவென்றால் முன்னால் இழுப்பார்கள். முதல் ஒத்திகையில் ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் வழக்கம்போல் அருகருகே நின்று வாசித்தார்கள். சீடனின் கார்னெட் குருவின் ஓசையை அப்படியே விழுங்கிவிட்டது. ஆகவே ஆம்ஸ்ட்ராங்கைப் பன்னிரண்டு, பதினைந்தடி தள்ளி ஒரு மூலையில் நிறுத்தினார்கள். அவர் முகம் வாடிப்போய் நின்றதைப் பியானோவிலிருந்து பார்த்தவர் லில். இந்தக் கதையைப் பின்னாளில் சொன்னவரும் அவரே. இவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தினால்தான் சமன் ஆகிறது என்றால், இருவரில் யார் பெரியவர் என்பது தனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது என்பார்.

அடிக் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். அன்று பதிவான தட்டுகளில் இரண்டு கார்னெட்டும் காதில் விழத்தான் செய்கின்றன. ஆனால் ஜாஸ் வரலாற்றின் அடுத்த ஐந்தாண்டுகளைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. மூலையில் நின்றவர் குழாயின் வாய்க்கு எதிரே வந்து நின்ற கதைதான் இந்த வார அத்தியாயம்.

குருவின் வீட்டுச் சோறு

சென்ற வாரம் 1917இல் நியூயார்க்கில் வெளியான முதல் ஜாஸ் தட்டைப் பார்த்தோம். அதை வாசித்தவர்கள் ஐந்து வெள்ளைக்காரர்கள். அந்த இசையை நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் வளர்த்தெடுத்த கறுப்பினக் கலைஞர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு அப்போது திறக்கவில்லை. 1922இல் கிட் ஓரியின் குழு லாஸ் ஏஞ்சலஸில் சில பாட்டுகளைப் பதிந்தது. ஒரு முழுக் குழுவின் பாணி முழுமையாகத் தட்டில் ஏறியது ரிச்மண்டில்தான். இரண்டே நாளில் ஒன்பது பாட்டுகள்.

ஆலிவருக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் இருந்த உறவைச் சொல்லாமல் இந்தத் தட்டுகளைக் கேட்க முடியாது. ஆம்ஸ்ட்ராங் பிறந்தது 1901 ஆகஸ்ட் 4. தன் பிறந்த நாள் 1900 ஜூலை 4 என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தார். அவர் இறந்த பிறகுதான் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மைத் தேதி கிடைத்தது. தகப்பன் விட்டுப் போன வீடு. கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் பழைய சாமான் வண்டியில் தகர ஊதல் ஊதி வாடிக்கையாளரைக் கூப்பிடுவது சிறுவன் லூயியின் வேலை. 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் கைத்துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டான். போலீஸ் பிடித்துக் கறுப்பினச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் சேர்த்தது. அங்கேதான் பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவன் கையில் கார்னெட்டைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவன் சுற்றிச் சுற்றி வந்தது ஜோ ஆலிவரின் வீட்டை. ஆலிவரின் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கடைகண்ணிக்குப் போய் வருவான். கூலியாக அந்த அம்மாள் சோறு போடுவார், ஆலிவர் பாடம் சொல்லித் தருவார். சிவப்பு பீன்ஸும் சோறும் நியூ ஆர்லியன்ஸ் ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு. உலகப் புகழ் பெற்ற பிறகும் ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களின் முடிவில் அந்தச் சாப்பாட்டின் பெயரைச் சேர்த்தே கையெழுத்திடுவார். ஆலிவர் தன் பழைய கார்னெட் ஒன்றையும் பையனுக்குக் கொடுத்தார். பையனுக்கு அவர் 'பாப்பா ஜோ'. கடைசிவரை அதே பெயர்தான்.

ஆலிவர் சிகாகோ போனபோது கிட் ஓரியின் குழுவில் அவருடைய இடம் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைத்தது. பிறகு மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசப் படகுகளில் ஃபேட் மாரபிள் என்பவரின் குழுவில் வாசித்து, இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தேறினார். 1922 ஆகஸ்டில் பாப்பா ஜோவிடமிருந்து தந்தி வந்தது: புறப்பட்டு வா. வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் ஊரை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டேன் என்பார் ஆம்ஸ்ட்ராங்.

கேட்டால் பிடிபடாத ரகசியம்

சிகாகோவின் தென்பகுதியில் லிங்கன் கார்டன்ஸ் என்ற நடன அரங்கம். இரவில் ஆலிவரின் குழு வாசிக்கும்போது மேடைக்கு அருகே ஒரு கூட்டம் ஆடாமல் அசையாமல் காது கொடுத்து நிற்கும். அவர்கள் நகரின் மற்ற இசைக்கலைஞர்கள், வெள்ளைக்கார இளைஞர்களும் அதில் உண்டு. அவர்களுக்குப் பிடிபடாத புதிர் ஒன்று இருந்தது.

பாட்டின் நடுவே மொத்தக் குழுவும் திடீரென நிற்கும். ஒருவர் மட்டும் இரண்டு தாளக் கட்டங்களுக்குத் தனியே வாசிப்பார். பிறகு எல்லோரும் சரியாக வந்து சேர்ந்துகொள்வார்கள். இதற்கு ஜாஸில் 'பிரேக்' என்று பெயர். மற்ற குழுக்களில் இது ஒருவர் வேலை. ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் அந்த இடைவெளியில் இருவராகச் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் மெட்டு, மற்றவர் அதற்கு இணைசுரம், இம்மி பிசகாமல். அதுவும் ஒவ்வோர் இரவும் வேறு வேறு சங்கதி. எழுதிவைத்த தாள் எதுவும் இல்லை.

ரகசியம் எளிது. பிரேக் வருவதற்கு முன்னால், குழு முழங்கிக்கொண்டிருக்கும்போதே, ஆலிவர் பக்கவாட்டில் சாய்ந்து தன் கார்னெட்டின் விசைகளில் அடுத்து வரப்போகும் சங்கதியை ஊதாமல் விரலால் மட்டும் அழுத்திக் காட்டுவார். ஆம்ஸ்ட்ராங் அந்த விரல்களைப் பார்த்து, கண நேரத்தில் இணைசுரத்தைத் தீர்மானித்துவிடுவார். கூட்டத்தின் கண் கார்னெட்டின் வாய்மீது இருக்கும், விஷயமோ விரலில் இருந்தது. ரிச்மண்டில் பதிந்த 'ஸ்னேக் ராக்' தட்டைக் கேளுங்கள். அந்த இரட்டைப் பிரேக்குகள் நூறாண்டு கழித்தும் வியப்பூட்டுகின்றன.

ஆலிவர் குழுவின் அழகு கூட்டு இசை. கார்னெட்டுகள் மெட்டைப் பிடிக்கும், கிளாரினெட் அதன் மேலே கொடி போலச் சுற்றும், டிராம்போன் கீழே சறுக்கிச் சறுக்கி இடத்தை நிரப்பும். நம் கச்சேரியில் மனோதர்மம் முறை வைத்து வரும். பாடகர் முடித்ததும் வயலின், அப்புறம் மிருதங்கம். இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் மனோதர்மம் செய்கிறார்கள், ஆனால் யாரும் யாரையும் மிதிப்பதில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசியும் நால்வர் பேச்சும் புரிவது போல.

அதிலும் தனி ஆவர்த்தனம் உண்டு. 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' தட்டில் ஆலிவர் கார்னெட்டின் வாயை ஓர் அடைப்பால் மூடித் திறந்து 'வா-வா' என்று அழவைக்கும் மூன்று சுற்றுகளை அடுத்த தலைமுறை கார்னெட்காரர்கள் மனப்பாடம் செய்தார்கள். 'டிப்பர்மவுத்' என்பதே ஆம்ஸ்ட்ராங்கின் பட்டப் பெயர், அகப்பை வாயன் என்று பொருள். 'சைம்ஸ் ப்ளூஸ்' தட்டில் ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஒரு தனி வாசிப்பு கிடைத்தது. தட்டில் பதிந்த அவருடைய முதல் தனி ஆவர்த்தனம் அது. எழுதிவைத்த பாடத்தை ஒப்பிப்பது போல அடக்கமாகத்தான் வாசிக்கிறார். ஆனால் அந்தக் குரல் வேறு. பழைய தட்டின் கரகரப்பையும் மீறித் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். 1920களில் இண்டியானா, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கோட்டை. காசு கொடுப்பவருக்குத் தட்டு அச்சடித்துத் தருவது ஜென்னெட்டின் தொழில் என்பதால், கிளானின் பிரசாரப் பாட்டுகளும் அங்கே அச்சாயின. ஆலிவரின் கார்னெட்டும் அவரை மனிதராகவே மதிக்காதவர்களின் பாட்டும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளியேறின.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. அந்தக் காலத் தட்டுகளுக்கு மூலப்பொருள் அரக்கு. உலகச் சந்தையின் அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, முக்கியமாகச் சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து போனது. சிகாகோவின் ஜாஸைச் சுமந்தது நம் காட்டு மரங்களில் சிறு பூச்சிகள் சுரந்த பிசின்.

லில் போட்ட கணக்கு

லில் ஹார்டின் மெம்ஃபிஸ் ஊர்க்காரர். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர், மேலை இசை முறையாகக் கற்றவர். ஆம்ஸ்ட்ராங்கை முதலில் பார்த்தபோது அவருடைய உடுப்பும் தலைவாரலும் லில்லுக்குப் பிடிக்கவே இல்லை. ரிச்மண்டுக்குப் பிறகு மனம் மாறியது. 1924 பிப்ரவரி 5 அன்று இருவருக்கும் திருமணம் நடந்தது.

லில்லிடம் ஒருமுறை ஆலிவரே மனம் திறந்தாராம்: லூயி என்னைவிட நன்றாக வாசிக்கிறான், ஆனால் அவன் என்னோடு இருக்கும்வரை என்னை முந்த முடியாது. இதைக் கேட்ட பெண் சும்மா இருப்பாரா? இரண்டாம் கார்னெட்டாகவே காலம் தள்ளப் போகிறாயா என்று கணவரைக் குடையத் தொடங்கினார். ஆம்ஸ்ட்ராங்குக்கு மனம் இல்லை. சோறு போட்ட வீட்டை விட்டு வருவதா? இதற்கிடையில் சம்பளக் கணக்கில் மனஸ்தாபம் வந்து டாட்ஸ் சகோதரர்கள் குழுவை விட்டு விலகினார்கள். கடைசியில் ஆம்ஸ்ட்ராங்கும் விலகினார். 1924 இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் பெரிய குழுவில் சேர்ந்தார். அங்கே ஓராண்டுக்கு மேல் வாசித்துவிட்டு, 1925 நவம்பரில் சிகாகோ திரும்பினார்.

திரும்பியவரை ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனி பிடித்துக்கொண்டது. கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்றே தனி வரிசை எண்ணில் தட்டு வெளியிட்ட கம்பெனி அது. 'இனத் தட்டுகள்' என்று அவற்றுக்குப் பெயர். 1925 நவம்பர் 12 அன்று ஆம்ஸ்ட்ராங் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு குழுவோடு பதிவுக்கு நின்றார். 'லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய ஹாட் ஃபைவும்'. கிட் ஓரி, ஜானி டாட்ஸ், பாஞ்சோவில் ஜானி செயின்ட் சைர், பியானோவில் லில். பெரும்பாலும் பழைய நியூ ஆர்லியன்ஸ் சகாக்கள்.

ஹாட் ஃபைவ் மேடைக் குழு அல்ல. தட்டுக்காக மட்டுமே கூடிய குழு. மேடையில் அது தோன்றிய சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணலாம். ஆளுக்கொரு நடன அரங்கில் இரவெல்லாம் வாசித்துவிட்டு, பகலில் கூடத்துக்கு வந்து சில பாட்டுகளைப் பதிந்துவிட்டுப் போனார்கள். ஜாஸின் ஆகப் பெரிய சாதனை என்று இன்று பலரும் சொல்லும் தட்டுகள் இப்படிப் பகுதி நேரமாகப் பிறந்தவை.

1926 பிப்ரவரி 26 அன்று பதிந்த 'ஹீபி ஜீபீஸ்' பாட்டில் ஆம்ஸ்ட்ராங் பாடுகிறார். பாதியில் வார்த்தைகள் நின்று வெறும் ஒலிகள் வருகின்றன. பொருளில்லாத அசைகளை வாத்தியம் போல உருட்டுகிறார். இதை 'ஸ்காட்' என்பார்கள். பாட்டெழுதிய தாள் கை நழுவி விழுந்துவிட்டது, பதிவை நிறுத்த மனமில்லாமல் வாயில் வந்ததைப் பாடினேன் என்று அவர் கதை சொல்வார். நல்ல கதை. ஆனால் அப்படிப் பாடும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அந்தத் தட்டு வெளியான பிறகு அது ஊர் முழுக்கப் பரவியது என்பதே உண்மை.

மைக் வந்தது

1927இல் இரண்டு மாற்றங்கள். ஒன்று, கூம்புக் குழாய் போய் மின்சார மைக் வந்தது. யாரையும் மூலைக்கு விரட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஊசி துள்ளும் என்ற பயமும் போயிற்று. அதனால் மே மாதம் ஆம்ஸ்ட்ராங், ட்யூபா என்ற பெருங்குழலையும் பேபி டாட்ஸின் டிரம்ஸையும் சேர்த்துக்கொண்டு குழுவை ஹாட் செவன் ஆக்கினார். இரண்டாவது மாற்றம் அவரிடமே நிகழ்ந்தது. அவருக்குள் இருந்த தனி வித்வான் கூட்டு இசையின் வரப்பைத் தாண்டிவிட்டார்.

மே 10 அன்று பதிந்த 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்' இதற்குச் சாட்சி. பாட்டின் பின்பாதியில் ஆம்ஸ்ட்ராங்கின் தனி வாசிப்பு. 32 தாளக் கட்டங்கள். குழு முழுதும் இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே துணைக்கு யாரும் இல்லை, தாளத்தைத் தன் மூச்சிலேயே சுமக்க வேண்டும். அவரோ தாளத்தின்மேல் உட்காராமல், சற்றுப் பின்தங்கி, சற்று முந்தி, விளையாடிக்கொண்டே போகிறார். விழுந்துவிடுவாரோ என்று நாம் பதறும் இடத்தில் சரியாக வந்து இறங்குகிறார். ஐந்தாறு முறை கேட்டால் ஒன்று புலப்படும். ஒரு சின்னச் சங்கதியைப் போட்டு, அதையே திருப்பி, நீட்டி, உடைத்து, அடுத்ததற்கு அடியாக வைக்கிறார். 32 கட்டமும் ஒரே கட்டுமானம்.

மூன்று நிமிடம் பதினைந்து விநாடி

இப்போது 1928 ஜூன் 28க்கு வருவோம். ஹாட் ஃபைவ் என்ற பெயர் அப்படியே இருந்தாலும் ஆட்கள் மாறிவிட்டார்கள். பியானோவில் ஏர்ல் ஹைன்ஸ், டிரம்ஸில் ஸட்டி சிங்கிள்டன், டிராம்போனில் ஃப்ரெட் ராபின்சன், கிளாரினெட்டில் ஜிம்மி ஸ்ட்ராங், பாஞ்சோவில் மான்ஸி கார். ஆம்ஸ்ட்ராங் கையிலும் கார்னெட் இல்லை, ட்ரம்பெட். பதியப்போகும் பாட்டு 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. நியூ ஆர்லியன்ஸில் பான்ட்சர்ட்ரெய்ன் ஏரிக்கரையில் உள்ள உல்லாசப் பகுதியின் பெயர் வெஸ்ட் எண்ட். மெட்டுக் கட்டியவர் ஜோ ஆலிவர். ஆலிவரே பதினேழு நாள் முன்புதான் தன் குழுவோடு அதைப் பதிந்திருந்தார்.

ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு தாளக் கட்டம், கட்டத்துக்கு நான்கு அடி. ஆக 48 அடியில் ஒரு சுற்று முடியும், மறுபடி முதலிலிருந்து. இந்தத் தட்டில் அப்படி ஐந்து சுற்றுகள். தட்டைப் போட்டுவிட்டு என்னோடு சேர்ந்து கேளுங்கள்.

தொடக்கம் ட்ரம்பெட் மட்டும். துணை வாத்தியம் இல்லை, தாளம் இல்லை. நான்கு சுரங்கள் அழுத்தமாக விழுகின்றன. பிறகு ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போய், அங்கிருந்து சுழன்று சுழன்று கீழே இறங்குகிறது. மொத்தமும் பன்னிரண்டு விநாடிக்குச் சற்று மேல். நமக்குப் பழகிய சொல்லில் சொன்னால் ஒரு ஆலாபனை. ஒரு மணி நேரம் பாட வேண்டிய ராகத்தின் முகத்தை ஒரே கீற்றில் காட்டிவிடும் பெரிய வித்வானின் முதல் பிடி போன்றது. நியூ ஆர்லியன்ஸில் இருந்தபோது ஆம்ஸ்ட்ராங் கரூசோ முதலிய இத்தாலிய ஆபரா பாடகர்களின் தட்டுகளை ஆசையோடு கேட்டவர். அந்தப் பழக்கம் இந்தப் பன்னிரண்டு விநாடியில் தெரிகிறது.

முதல் சுற்றில் மெட்டை நிதானமாக எடுத்து வைக்கிறார். அலங்காரம் குறைவு. இரண்டாவது சுற்று டிராம்போனுக்கு. பின்னால் ஸட்டி குதிரைக் குளம்பு போல 'டக் டக்' என்று தட்டுகிறார். மூன்றாவது சுற்றில் கிளாரினெட் தாழ்ந்த குரலில் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே பதில் சொல்கிறார். வார்த்தை இல்லை, வெறும் ஒலிதான். தாலாட்டைவிட மெதுவான குரல். நான்காவது ஏர்ல் ஹைன்ஸுடையது. ட்ரம்பெட் ஊதுவது போலவே பியானோ வாசிப்பவர் என்று பெயரெடுத்தவர். இடது கை தாளத்தைப் பிடித்திருக்க, வலது கை மழை போல் பொழிகிறது.

ஐந்தாவது சுற்றுதான் உச்சம். இதுவரை இத்தனை சுரம் பொழிந்தவர் இங்கே எடுப்பது ஒரே ஒரு சுரம். உச்ச ஸ்தாயியில் பிடித்து, ஏறக்குறைய நான்கு தாளக் கட்டங்களுக்கு விடாமல் நிறுத்துகிறார். கீழே குழு நடந்துகொண்டே இருக்கிறது. மேலே அந்த ஒற்றைச் சுரம் அசையாமல் நிற்கிறது. மூச்சு எப்போது முடியும் என்று நம் மூச்சும் நின்றுவிடும். பிறகு அணை உடைந்தது போலச் சுரங்கள் சரிந்து இறங்குகின்றன. பியானோ சில அடிகள், குழு ஒரு முடிப்பு, கடைசியாக ஸட்டியின் கையிலிருந்து சின்ன 'டக்'. தட்டு முடிந்தது. மூன்று நிமிடம் பதினைந்து விநாடி சொச்சம்.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அதற்கு மேல் இடமில்லை. இதைக் குறையாகப் பேசுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. லிங்கன் கார்டன்ஸில் ஒரே பாட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்வரை வாசிக்கலாம். தட்டு அதற்கு இடம் தராது. எதை வைப்பது, எதை விடுவது, உச்சத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற கணக்கு அங்கே கட்டாயம். ஜாஸில் தனி வாசிப்பு ஒரு கலைப்படைப்பாக உருவம் பெற்றது இந்த நெருக்கடிக்குள்தான். ஒரே இரவில் காற்றோடு போயிருக்க வேண்டிய மனோதர்மம், ஆயிரம் பேர் ஆயிரம் முறை திரும்பக் கேட்டுப் பாடம் செய்யும் பொருளாயிற்று. ட்ரம்பெட்காரர்கள் மட்டும் அல்ல, பியானோக்காரர்களும் சாக்ஸபோன்காரர்களும் பாடகர்களும் இந்தத் தட்டுகளிடம் பாடம் கேட்டார்கள்.

இழப்பும் உண்டு. ஆலிவரின் குழுவில் எல்லோரும் சேர்ந்து நெய்த அந்தத் துணி, ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிறகு பின்னணித் திரையானது. முன்னால் ஒருவர், பின்னால் மற்றவர்கள் என்பது விதியாயிற்று. 'டிப்பர்மவுத்' தட்டையும் 'வெஸ்ட் எண்ட்' தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், நடுவில் ஐந்தே ஆண்டுகள் என்று நம்ப முடியாது.

குருவுக்கு நேர்ந்தது

ஜோ ஆலிவர் என்ன ஆனார்? 1927இல் நியூயார்க் காட்டன் கிளப்பில் வாசிக்க அழைப்பு வந்தது. பணம் போதாது என்று மறுத்தார். அந்த வாய்ப்பு டியூக் எலிங்டன் என்ற இளைஞருக்குப் போய், அவரை உலகறியச் செய்தது. ஆலிவரின் ஈறுகளைக் கடும் நோய் தாக்கியது. பற்கள் போனால் கார்னெட்காரனுக்கு வாத்தியம் போன மாதிரி. பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்தது. ஓட்டைப் பேருந்தில் தென் மாநிலங்களைச் சுற்றிய குழு கலைந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் அவர் ஒதுங்கினார்.

1937இல் அந்த ஊருக்குக் கச்சேரி செய்யப்போன ஆம்ஸ்ட்ராங், தெருவில் காய்கறிக் கடை போட்டிருந்த கிழவர் ஒருவரைப் பார்த்தார். பாப்பா ஜோ! கண்ணீரோடு, பையில் இருந்த பணத்தைக் கொடுத்தார். உடன் வந்தவர்களும் கொடுத்தார்கள். அன்று மாலைக் கச்சேரிக்கு ஆலிவர் பழைய மிடுக்கோடு உடுத்திக்கொண்டு வந்து நின்றதை ஆம்ஸ்ட்ராங் மறக்கவில்லை. கடைசியில் ஆலிவர் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். நியூயார்க்குக்கு டிக்கெட் எடுக்கச் சில்லறை சேர்ப்பதாகத் தன் சகோதரிக்குக் கடிதம் எழுதினார். 1938 ஏப்ரலில் இறந்தார். அவர் உடலை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தவர் அந்தச் சகோதரிதான்.

சீடர் குருவை எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. தனக்கு முன்னால் யார் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் பாப்பா ஜோ பெயரையே சொன்னார். 1971 ஜூலை 6 அன்று ஆம்ஸ்ட்ராங் இறந்தார். அடுத்த மாதம் சிகாகோவில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த லில், மேடையிலேயே சரிந்து உயிர்விட்டார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அத்தியாயம் வருவதற்குள் இரண்டு தட்டுகளைக் கேட்டுவிடுங்கள், இரண்டும் இன்று எளிதில் கிடைக்கின்றன. முதலில் ஆலிவரின் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்', பிறகு ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதல் தட்டில் குருவுக்குப் பின்னால், கொஞ்சம் தூரத்தில், இன்னொரு கார்னெட் கேட்கும். அதை அடையாளம் கண்டுபிடித்துவிட்டு இரண்டாவது தட்டுக்கு வாருங்கள்.

(தொடரும்)